சமாதானப் படிப்பும் பின்வளவுக் கடப்பும்

சமாதானக் கூட்டங்களுக்கு என்னைப் பேசக் கூப்பிட்டால், முடிவில் யாராவது ஒரு பிள்ளை எழும்பி, நீங்கள் எப்படி இந்தத் துறைக்கு வந்தீர்கள் என்று கேட்காமல் விடாது. ஒரு புலமைப்பரிசில் கிடைத்தது, கொழும்பில் படித்தேன், வந்தேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் வேலியில் கிடந்த ஓர் ஓட்டைக்குள்ளால் வந்தேன் என்று உண்மையைச் சொன்னால் மண்டபம் சிரிக்கும். மண்டபம் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். எனக்குக் கோபம் வந்தபிறகு அது சமாதானக் கூட்டமாக இருக்காது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு கல்முனைக்கு வடக்கே, முஸ்லிம் ஊர் முடிந்து பாண்டிருப்புத் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. எங்கள் பின்வளவும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் பின்வளவும் முதுகோடு முதுகு சாய்ந்து கிடக்கும். நடுவில் கிடுகு வேலி. வேலியில், முருங்கை மரத்தடியில், ஓர் ஆள் கொஞ்சம் சரிந்து நுழையுமளவுக்கு ஓர் இடைவெளி. அதைத்தான் கடப்பு என்போம். முன் கேற்றால் போனால் றோட்டைச் சுற்றி, இரண்டு நாய்களிடம் குரைப்பு வாங்கி, அந்த வீட்டுக்குப் போக வேண்டும். கடப்பால் போனால் உம்மா உலையில் அரிசி போட்டுவிட்டுக் கூப்பிடும் குரல்கூடக் கேட்கும்.

அந்த வீட்டுக்காரி எனக்குப் பின்வளவு மாமி. என்ன முறையில் மாமி என்று கேட்காதீர்கள், நானும் கேட்டதில்லை. உம்மாவும் அவரும் சிறுமிகளாக இருந்தபோதே அந்த வேலியடியில் மண்சோறு ஆக்கியவர்கள். கல்யாணம் முடித்தும் இருவரும் பிரியவில்லை. எங்கள் பக்கத்தில் வீடு வளவு பெண்பிள்ளைக்குத்தான், முஸ்லிமானாலும் தமிழானாலும். மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேருவார். வாப்பா சாய்ந்தமருதிலிருந்து வந்தார், மாமியின் புருசன் திருக்கோவில் பக்கமிருந்து வந்தார். சண்டை வந்தால் கோபித்துக்கொண்டு படியிறங்குவதும் ஆண்கள்தான். பெண் எங்கே போவாள்? அவள் ஏற்கனவே தாய்வீட்டில்தானே இருக்கிறாள்.

உம்மாவின் குசினியில் மூடி போட்ட ஒரு சின்ன அலுமினியச் சட்டி இருந்தது. அதில் மாட்டிறைச்சி பட்டதே இல்லை. அது பின்வளவுக்கென்றே வைத்த சட்டி. நோன்பு காலத்தில் எங்களுக்கு இறைச்சி போட்ட கஞ்சி, மாமி வீட்டுக்கு அந்தச் சட்டியில் இஞ்சியும் தேங்காய்ப்பாலும் போட்ட தனிக்கஞ்சி. பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் சூடு ஆறாமல் அதைத் துணியில் சுற்றிக்கொண்டு கடப்பால் போவது என்னுடைய வேலை. சட்டி ஒருநாளும் வெறுமையாகத் திரும்பி வராது. முருங்கைக்காய் வரும், மாம்பழம் வரும், தைப்பொங்கல் என்றால் முந்திரிகைவற்றல் போட்ட புக்கை, அதுதான் சர்க்கரைப் பொங்கல், வரும். வரும் வழியிலேயே மூடியைத் திறந்து வற்றலைப் பொறுக்கித் தின்றுவிடுவேன். மாமிக்கு அது தெரியும். எனக்கென்று மேலால் ஒரு பிடி வற்றல் தூவித்தான் தருவார். அந்தப் புக்கையின் வாசம் இப்போதும் எங்காவது வந்தால் நான் நடப்பதை நிறுத்திவிடுகிறேன்.

கடல் பொங்கி வந்த நாளில் அந்தக் கடப்பால்தான் நாங்கள் பெரிய றோட்டுப் பக்கம் ஓடினோம். உம்மா தம்பியைத் தூக்கியிருந்தார். நான் முருங்கை மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அலறினேனாம். மாமி திரும்பி வந்து என்னைப் பிய்த்தெடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினார். எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் அவருடைய ஈரத் தலைமயிர் என் வாய்க்குள் வந்தது மட்டுந்தான்.

பிறகு அந்தக் கெட்ட வருடம் வந்தது. ஈஸ்டர் ஞாயிறன்று எங்கெங்கோ நகரங்களில், தேவாலயங்களில், எங்கள் மார்க்கத்தின் பெயரைச் சொல்லிச் சிலர் வைத்த குண்டுகள் வெடித்தன. எங்கள் ஒழுங்கையில் யாரும் யாரையும் ஒன்றும் செய்யவில்லை. ஆனாலும் பயம் இரண்டு பக்கமும் வந்து குந்திக்கொண்டது. சோதனை, ஊரடங்கு, போனில் வருகிற கண்டகண்ட கதைகள். நோன்பு தொடங்கிச் சில நாள்கள். முந்தின பின்னேரம் நான் கஞ்சிச் சட்டியைக் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த நாள் காலையில் பின்வளவில் சத்தம் கேட்டு எழும்பிப் போனால், வேலியைப் பிடுங்கிவிட்டு மதில் கட்டுகிறார்கள். புளொக் கல்லெல்லாம் மாமியின் வளவில் குவிந்து கிடந்தது. கட்டுகிற மேசன் எங்கள் ஊர் ஆள். உம்மா குசினி வாசலில் நின்று பார்த்தார். மாமியும் தன் குசினி வாசலில் நின்று பார்த்தார். ஏன் என்று உம்மா கேட்டதற்கு, காலம் சரியில்லை, கட்டட்டும் என்று மட்டும் வாப்பா சொன்னார். பின்னேரத்துக்குள் மாமியின் முகம் மறைந்துவிட்டது.

அதற்குப் பிறகான வருடங்களைப் பற்றி என்ன சொல்வது! மதிலுக்கு அப்பால் மாமி தேங்காய் துருவுவது கேட்கும். இருமுவது கேட்கும். உம்மா அம்மியில் அரைக்கும் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும். கல்முனைச் சந்தையில் மீன்கடைக்கு முன்னால் எதிரெதிரே கண்டால் இருவரும் மீனைப் பார்ப்பார்கள். நான் மட்டும் "மாமி" என்பேன். அவர் தலையை அசைத்துவிட்டுப் போவார். சட்டியும் அந்தப் பக்கமே நின்றுவிட்டது. நோன்புக் காலம் வந்தால், கஞ்சி இறக்கி வைத்த பிறகு, உம்மா அது தொங்கிய ஆணியைப் பார்ப்பார்.

இந்த நேரத்தில்தான் அந்தப் புலமைப்பரிசில் அறிவித்தல் வந்தது. சமாதானத்தைக் கட்டியெழுப்புவதில் பெண்களின் வகிபாகத்தை மேம்படுத்தும் இளைஞர் யுவதிகளுக்கானது என்று அதன் பெயர். உம்மா வாசித்துப் பார்த்துவிட்டு, இதை மூச்சு விடாமல் சொல்லி முடிக்கிற ஆளுக்கே கொடுக்கலாம் என்றார். வீட்டில் அதைச் சமாதானப் படிப்பு என்றோம். கொழும்பில் ஒரு வருடம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவர்களே. எனக்கு அது கட்டாயம் வேண்டும். பட்டம் முடித்துவிட்டு, வீட்டிலிருந்து பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து, வருகிற போகிற மாப்பிள்ளைக் கதையெல்லாம் கேட்டுக் காது புளித்துப் போயிருந்தேன். முதல் நேர்முகத்தில் தப்பிவிட்டேன். இரண்டாம் கட்டத்துக்குச் சொந்த ஊரில் இரண்டு சமூகத்துப் பெண்களையும் சேர்த்து ஒரு வேலை செய்து காட்ட வேண்டும். வந்து பார்ப்பார்கள்.

இதென்ன பெரிய காரியம் என்றுதான் நினைத்தேன். ஒரு பாடசாலை மண்டபம் கேட்டு எடுத்தேன். எங்கள் பக்கத்துப் பெண்கள், பாண்டிருப்புப் பெண்கள், எல்லாருக்கும் வீடு வீடாகச் சொன்னேன். மாமி வீட்டுக்கு மட்டும் முன் கேற்றால் போய், நாய்களிடம் குரைப்பு வாங்கி, வாசலில் நின்று சொன்னேன். "பாப்பம் புள்ள" என்றார். வெள்ளிக்கிழமை வைத்தேன். எங்களுக்கு வெள்ளிதானே வசதி? ஜும்மா முடிந்தால் கடையும் பூட்டு, பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் அரை நாள். நல்லதாகக் கொடுக்க வேண்டும் என்று மீன் ரோல்ஸ், கோழி பெட்டிஸ், முட்டை போட்ட கேக். ஹலால் கடையில் சொல்லி, சுடச்சுட வரவழைத்தேன்.

பெண்கள் வந்தார்கள். நெற்றியில் திருநீறும் தலையில் பூவுமாகப் பாண்டிருப்புப் பெண்கள் இடது பக்கக் கதிரைகளில் இருந்தார்கள். எங்களவர்கள் வலது பக்கம். நான் நல்லிணக்கம் பற்றி நீட்டி முழக்கினேன். பிறகு தட்டுகள் போயின. வலது பக்கம் ரோல்ஸ் கடிபடுகிற சத்தம். இடது பக்கம் தட்டு மடியில் அப்படியே இருக்கிறது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். கடைசியில் ஒரு அக்கா மிகவும் பணிவாகச் சொன்னார்: "குறை நினைக்காதங்க தங்கச்சி, இண்டைக்கு வெள்ளிக்கிழமை. நாங்க மச்சம் தின்னிறல்ல." எனக்குத் தலையில் இடி விழுந்தது. மீனும் கோழியும் மச்சம், கேக்கில் போட்ட முட்டையும் மச்சம். கொடுப்பதற்குத் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு, பரவாயில்லை பரவாயில்லை என்று என்னைத் தேற்றிவிட்டுப் போனார்கள். மாமி வரவே இல்லை. மறுநாள் இரண்டு ஊரும் சேர்ந்து சிரித்தது. ஒரு விதத்தில் அன்றுதான் என்னால் அவர்கள் ஒற்றுமைப்பட்டார்கள்.

மிஞ்சிய ரோல்ஸ் பெட்டியோடு வீட்டுக்கு வந்து குசினியில் நடந்ததையெல்லாம் கொட்டி அழுதேன். வாப்பா மேசையடியில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். உம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் கத்தியை வைத்துவிட்டார்.

"கடப்பு இரிந்திரிந்தா இது நடந்திரிக்குமா? 'இண்டைக்கு வெள்ளி, என்னத்தடி தூக்கிக்கொண்டு போறாய்' எண்டு அவள் உனக்குக் காலையிலயே சொல்லிரிப்பாள். அவங்களுக்குத்தான் மதில் தேவப்பட்டிச்சே."

வாப்பா கோப்பையிலிருந்து தலையைத் தூக்கி, யாருக்குத் தேவைப்பட்டது என்றார். கல்லெல்லாம் அவர்களுடைய வளவில்தானே குவிந்து கிடந்தது என்றார் உம்மா. லொறி வர எங்கள் பக்கம் வழி இல்லை, அதனால் அங்கே இறக்கினோம் என்றார் வாப்பா, சர்வ சாதாரணமாக. பிறகுதான் கதை வெளியே வந்தது. வாப்பாவுக்கும் மாமியின் புருசனுக்கும் நாவிதன்வெளியில் பக்கத்துப் பக்கத்து வயல். ஒரே வாய்க்கால் தண்ணீர். அந்தக் கெட்ட வருடத்தில் இருவரும் வரப்பில் இருந்து கதைத்து, காலம் சரியில்லை, பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு, ஒரு மதிலைக் கட்டிவிடுவோம் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். இவர் மேசனைப் பிடித்தார், அவர் கல்லை இறக்கினார். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் பெண்கள் பயந்துவிடுவார்களாம்.

இத்தனை வருடமாக உம்மா, மாமிதான் மதில் கேட்டார் என்று நினைத்திருக்கிறார். மேசன் எங்கள் ஊர் ஆள் என்பதால், உம்மாதான் கேட்டார் என்று மாமி நினைத்திருப்பார். இவர்கள் இருவரும் மட்டும் நாள் தவறாமல் வயலில் சந்தித்து, ஒரே கடையில் தேத்தண்ணீர் குடித்து, வேளாண்மைக் கதை கதைத்து வந்திருக்கிறார்கள். ஆண்களுக்கு வயல் இருந்தது, கடை இருந்தது, சந்தி இருந்தது. உம்மாவுக்கும் மாமிக்கும் அந்தக் கடப்பு ஒன்றுதான் இருந்தது. அதைத்தான் பூட்டினார்கள். நான் மண்டபத்தில் முழங்கிய பேச்சில் இது ஒரு வரிகூட இல்லை. எனக்கு வாப்பா மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை.

அவங்களோடு நமக்கு ஒரு கோபமும் இல்லையே, நேற்றும் அவரோடு ஒன்றாகத்தானே சாப்பிட்டேன் என்று வாப்பா சொல்லிக்கொண்டிருந்தார். உம்மா கேட்டார்:

"இந்த வளவு ஆருட?"

"உன்டதான்."

"அங்கால வளவு?"

வாப்பா கோப்பையைத் தள்ளி வைத்தார். அது மாமிக்கு அவருடைய தாய் கொடுத்தது என்று ஊருக்கே தெரியும்.

"அப்ப நீங்க ரெண்டு பேரும் ஆருட வளவுக்குள்ள மதில் கட்டின?"

வாப்பா தொப்பியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். இரவு திரும்பி வந்து, உடைப்பதென்றால் பள்ளிவாசலை நடத்துகிற மரைக்கார்மாரிடம் ஒரு சொல் கேட்க வேண்டும், அந்தப் பக்கம் கோயிலை நடத்துகிற வண்ணக்கர்மாரும் இருக்கிறார்கள் என்று மெதுவாகத் தொடங்கினார். கட்டும்போது கேட்டீர்களா என்றார் உம்மா. அத்தோடு பேச்சு முடிந்தது. இரண்டு நாளில் அதே மேசன் வந்தார். நானே கட்டி நானே உடைக்கிறேன் என்று சிரித்துக்கொண்டே, முருங்கை மரத்தடியில் பழைய இடத்தில் பழைய அளவுக்கு உடைத்து, ஓரத்தைப் பூசியும் கொடுத்தார்.

உம்மா நல்ல சீலை ஒன்றைக் கட்டிக்கொண்டு குசினி வாசலில் இருந்தார். யாரும் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. அந்தப் பக்கம் மாமியின் குசினிக் கதவு பாதி சாத்தியபடி கிடந்தது. நாம் போவோம் உம்மா என்றேன். அவருக்குப் பயம், அதுதான் உண்மை. போய், அவர் முகம் கொடுக்காவிட்டால்? "நான் திறந்திட்டன். வாறதும் வராததும் அவள்ட பாடு" என்று மட்டும் சொன்னார். வாப்பா வயலில் மாமியின் புருசனைப் பிடித்து, வீட்டில் உண்மையைச் சொல் என்றாராம். அவர் சொல்கிறேன் சொல்கிறேன் என்றாராம். அவருக்கும் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போகிற நிலைமை வரும் என்ற பயம், தொப்பிதான் இல்லை. ஆனால் வாப்பா கொண்டு வந்த இன்னொரு கதை என்னைக் குத்தியது. மகளின் சமாதானப் படிப்புக்குப் படம் எடுக்கத்தான் மதிலைத் திறந்திருக்கிறார்கள் என்று மாமி சொன்னாராம்.

அந்த நேரம் பார்த்துத்தான் கொழும்பிலிருந்து ஒரு மேடம் பார்வையிட வந்தார். நல்ல மனுசி. கூட்டம் பற்றிக் கேட்டார், ரோல்ஸ் கதையை மறைக்காமல் சொன்னேன். பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கடப்பைக் காட்டினேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கேமராவை எடுத்து, இரண்டு அம்மாமாரையும் இதில் சேர்த்து நிற்க வையுங்கள், ஒரு படம் போதும் என்றார். மாமியின் குசினிக் கதவு பத்தடி தூரத்தில், பாதி சாத்தியபடி. நான் ஒரு குரல் கொடுத்தால், மேடம் நிற்கிற மரியாதைக்காக மாமி வந்து நின்றிருப்பார். எனக்குப் படிப்புக் கிடைத்திருக்கும். அதற்குப் பிறகு அந்தக் கடப்பால் அவர் ஒருநாளும் வந்திருக்க மாட்டார்.

"நான் கூப்பிடமாட்டன் மேடம்" என்றேன். "இத படத்துக்குத் திறக்கல்ல. வாப்பாவும் மாமாவும் வயல்ல வெச்சு முடிவெடுத்துக் கட்டின மதில் இது. உம்மாவுக்கும் சொல்லல்ல, மாமிக்கும் சொல்லல்ல. ரெண்டு பேரும் மத்தவதான் கட்டச் சொன்ன எண்டு நினைச்சு இவ்வளவு காலமும் கதைக்காம இரிந்திட்டாங்க. உம்மா இப்பதான் அறிஞ்சு உடைச்ச. மாமி வரக்குள்ள வரட்டும்."

மேடம் கேமராவை மூடினார். நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுவது என்று கேட்டார். நான் ஒன்றும் செய்யவில்லை, உம்மாதான் செய்தார் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, உம்மா கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார். சரி, போச்சுது என்று நினைத்தேன். உம்மாவிடம் அப்படிச் சொல்லவும் செய்தேன். ஆனால் சில கிழமைக்குப் பிறகு தொலைபேசி வந்தது. கிடைத்திருக்கிறது. மற்ற எல்லாரும் கூட்டத்தின் படங்களைக் காட்டினார்கள், மதிலை உடைத்ததைக் காட்டியது நீங்கள் மட்டுந்தான் என்றார் மேடம். நான் துள்ளினேன். உம்மா என்னைக் கட்டிப்பிடித்து அல்ஹம்துலில்லாஹ் என்றார். சொல்லிக்கொண்டே அவருடைய கண் கடப்புப் பக்கம் போனது. எனக்குத் துள்ளல் அடங்கிவிட்டது. வாப்பா வயலுக்கும் தம்பி வேலைக்கும் போக, நானும் போய்விட்டால் இந்த மனுசி அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டு தனியாக இருக்கப் போகிறார்.

புறப்படுகிற நாளும் ஒரு வெள்ளிக்கிழமையாகத்தான் வந்தது. காலை பஸ். வாப்பா மோட்டார் சைக்கிளில் என் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். உம்மா குசினியில் எனக்குச் சோற்றுப் பார்சல் சுற்றிக்கொண்டிருந்தார். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பினால், நெற்றியில் ஈரத் திருநீறு, கையில் துணி சுற்றிய எங்கள் சட்டி. மாமி.

உம்மாவின் கையில் இருந்த வாழையிலை கீழே விழுந்தது. மாமி உம்மாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"அண்டைக்கு நீ அந்த மேடமோட கதைச்சதெல்லாம் எனக்குக் கேட்டிச்சு புள்ள. என்ட மனுசன் இவ்வளவு வருசமா வாயத் திறக்கல்ல." பிறகு உம்மாவின் பக்கம் திரும்பினார். குரல் இறங்கிவிட்டது. "அண்டைக்கே வந்திரிப்பன்கா. வெறுஞ்சட்டியோட எப்பிடி வாற? புது நெல்லு வெட்டி அரிசி வரட்டும் எண்டு பாத்திரிந்தன். ஒவ்வொரு பொங்கலுக்கும் நான் உன்ட பங்க இதுலதான் எடுத்து வைக்கிற. வெச்சிட்டு மதிலப் பாத்துக்கொண்டு நிக்கிற. பொறகு புள்ளையளுக்குக் குடுத்திர்ற."

உம்மா கிட்ட வந்தார். சட்டியைப் பிடித்திருந்த மாமியின் இரண்டு கைகளையும் சட்டியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்படி அவர் அழுது நான் பார்த்ததில்லை. நானும் அழுதேன். வாசலில் வாப்பா பெட்டிக் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

மாமிதான் முதலில் கண்ணைத் துடைத்தார். மூடியைத் திறந்து என் பக்கம் நீட்டினார். மேலால் ஒரு பிடி முந்திரிகைவற்றல்.

"தின் புள்ள, பயப்படாத. இண்டைக்கு வெள்ளிக்கிழமை. ரோல்ஸ் ஒண்டும் இல்ல."

உம்மா அழுகைக்கு நடுவிலேயே சிரித்துவிட்டார். நான் நின்றபடியே கையால் அள்ளித் தின்றேன். அந்த பஸ் போய்விட்டது. அடுத்ததில்தான் போனேன். நான் படியிறங்கும்போது உம்மா புக்கையை வேறு பாத்திரத்தில் கொட்டி, சட்டியைக் கழுவித் துடைத்து, அதற்குள் எங்கள் வளவு வாழைப்பழங்களை அடுக்கி, மாமியின் கையில் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

போன நோன்புக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். குசினியில் அந்த ஆணியில் சட்டி இல்லை. எங்கே என்று உம்மாவிடம் கேட்டேன். தெரியாது, அங்கால கிடக்கும், போய் எடுத்து வா என்றார்.